கோட்டா ஒழிந்தது, பேரம் ஒழியவில்லை

2025 ஆகஸ்ட் இறுதியில் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 விழுக்காட்டைத் தொட்டபோது, திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் தங்கள் வரியைவிடக் கவலையோடு பார்த்தது அடுத்த நாட்டுக்காரரின் வரியைத்தான். வங்கதேசத்துக்கு 20 விழுக்காடு. வியட்நாமுக்கும் 20. பாகிஸ்தானுக்கு 19. ஒரே பருத்தி நூல், ஒரே தையல், ஒரே டி-ஷர்ட். எந்த ஊரில் தைத்தார்கள் என்பதை வைத்து அதன் விலை மாறியது. எந்த உலக விதியும் இந்த விகிதங்களைத் தீர்மானிக்கவில்லை. ஒவ்வொரு அரசும் தனித்தனியே வாஷிங்டனில் போய் உட்கார்ந்து பேசி வாங்கி வந்தவை அவை.

உலக வணிகத்தில் இப்படி ஒரு நிலை முன்பு இருந்ததே இல்லை என்று பலர் எழுதுகிறார்கள். ஜவுளித் தொழிலுக்கு இது பழகிய நிலை. 2004 டிசம்பர் 31 வரை துணியும் ஆடையும் உலகெங்கும் இப்படித்தான் விற்கப்பட்டன. அன்று அரசுகள் பேரம் பேசியது வரியை வைத்து அல்ல, எண்ணிக்கையை வைத்து. எந்த நாடு, எந்த ஆடையை, ஆண்டுக்கு எத்தனை டஜன் அனுப்பலாம் என்று வரம்பு இருந்தது. பனியன் கம்பெனி நடத்திய தலைமுறைக்குக் ‘கோட்டா’ என்ற ஒற்றைச் சொல் போதும், எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். அந்த நாற்பது ஆண்டுப் பேரத்தின் கதை இன்றைய பேச்சுவார்த்தை மேசைக்கு மிகவும் தேவைப்படுகிறது. இருவர் மட்டும் உட்கார்ந்து பேசும் இடத்தில் எளியவர் தோற்பார் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று வணிக வரலாற்றில் வேறு இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947இல் உருவான காட் என்னும் உலக வணிக ஒப்பந்தத்தின் 11ஆவது பிரிவு, இறக்குமதிக்கு எண்ணிக்கை வரம்பு விதிப்பதைப் பொதுவாகத் தடை செய்தது. உள்நாட்டுத் தொழிலைக் காக்க வேண்டுமானால் வரி போடலாம், எண்ணிக்கையில் கை வைக்கக் கூடாது என்பது விதி. ஜவுளிக்கு மட்டும் இந்த விதி வளைந்தது. 1950களில் ஜப்பானின் மலிவான பருத்தி ரவிக்கைகள் அமெரிக்கக் கடைகளை நிரப்பின. 1957 முதல் ஜப்பான், அமெரிக்காவின் நெருக்குதலால், ‘தானாகவே’ ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திக்கொண்டது. ஜப்பான் விட்ட இடத்தை ஹாங்காங் பிடித்தது. 1960 அமெரிக்க அதிபர் தேர்தலில் தென் மாநில ஆலைத் தொழிலாளர்களின் வாக்குகள் வேட்பாளர் கென்னடிக்குத் தேவைப்பட்டன. தென் கரோலினா ஆளுநர் எர்னஸ்ட் ஹோலிங்ஸுக்கு எழுதிய கடிதத்தில் ஜவுளித் தொழிலைக் கவனிப்பதாக அவர் வாக்குக் கொடுத்தார். 1961 அக்டோபர் முதல் நாள், பருத்தித் துணிகளுக்கான குறுகிய கால ஏற்பாடு ஒன்று காட் அமைப்பின் மேற்பார்வையிலேயே நடைமுறைக்கு வந்தது. அதன் ஆயுள் ஓராண்டு என்றார்கள். அடுத்து வந்த நீண்ட கால ஏற்பாட்டுக்கு ஐந்து ஆண்டுகள் என்றார்கள். அது இருமுறை நீண்டது. 1974 ஜனவரியில் பருத்தியோடு கம்பளியையும் செயற்கை இழையையும் சேர்த்துப் பல்லிழை ஒப்பந்தம் வந்தது. அதுவும் நீண்டு நீண்டு 1994 வரை ஓடியது. ஓராண்டுக்கு என்று தொடங்கிய தற்காலிக ஏற்பாடு முற்றிலும் ஒழிய 43 ஆண்டுகள் ஆயின.

இறக்குமதி செய்த நாடுகளின் தொழிலாளர்கள் பட்ட துன்பம் பொய்யல்ல. 1931இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்தி, அந்நியத் துணி புறக்கணிப்பால் பாதிக்கப்பட்ட லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்களை நேரில் சென்று பார்த்தார். தையல் வேலை போன கரோலினாப் பெண்ணின் கண்ணீரும் திருப்பூர்ப் பெண்ணின் கண்ணீரும் ஒன்றுதான். ஆனால் கோட்டா அந்தக் கரோலினாப் பெண்ணைக் காப்பாற்றவில்லை. வரம்பு இருந்த நாற்பது ஆண்டுகளிலேயே லங்காஷயரின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மறுபயிற்சிக்கும் மாற்று வேலைக்கும் செலவழிக்க வேண்டிய அரசுகளுக்குக் கோட்டா செலவில்லாத சாக்காகப் பயன்பட்டது.

பேச்சுவார்த்தை அறைக்குள் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வெளியே செய்தித்தாளில் வந்தது ஒரு மொத்த எண்ணிக்கை. உள்ளே சண்டை நடந்தது வேறு விஷயங்களில். முதலாவது, எது எந்த வகை? அமெரிக்கப் பட்டியலில் 300 என்று தொடங்கும் எண்கள் பருத்தி, 400 கம்பளி, 600 செயற்கை இழை. ஆண்களின் பருத்திப் பின்னல் சட்டை 338; பெண்களுக்கானது 339. ஐரோப்பியப் பட்டியலில் டி-ஷர்ட் வகை எண் 4. வகையை அகலமாக வைத்தால் ஏற்றுமதியாளருக்கு மூச்சுவிட இடம். குறுகலாக வைத்தால் ஒரு வகை காலியாகக் கிடக்கும்போதே இன்னொன்று நிரம்பி மூடிவிடும். அடுத்து, எந்த ஆண்டை அடிப்படையாக வைப்பது? ஏற்றுமதி நன்றாக ஓடிய ஆண்டா, படுத்த ஆண்டா? அதன் மேல் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு வளர்ச்சி? பல்லிழை ஒப்பந்தம் 6 விழுக்காடு என்று எழுதியது. நன்றாக விற்கும் வகைகளுக்கு நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே கிடைத்தது. ஒரு வகையில் மிஞ்சியதை இன்னொரு வகைக்கு மாற்றலாமா, இந்த ஆண்டு மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாமா, அடுத்த ஆண்டுப் பங்கில் இப்போதே கொஞ்சம் கடன் வாங்கலாமா என்பதெல்லாம் அடுத்தடுத்த பேரங்கள். இந்தச் சிறு எழுத்துகளில்தான் ஒரு ஊரின் வேலைவாய்ப்பு அடங்கியிருந்தது.

வரம்பு போட்டவரும் ஏற்றுமதியாளரும் ஒருவரை ஒருவர் துரத்திய கதை தனி. பருத்திக்கு வரம்பு வந்ததும் கிழக்காசியா நைலானுக்கும் பாலியஸ்டருக்கும் மாறியது. 1974 ஒப்பந்தம் அதையும் பிடித்தது. பிறகு பட்டுக் கலப்பு, லினன், ராமி என்று பட்டியலில் இல்லாத இழைகளைத் தேடிப்போனார்கள். 1986இல் அவையும் உள்ளே வந்தன. புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தவருக்குக் கிடைத்த பரிசு, அந்த வழி அடைக்கப்பட்டதுதான்.

ஒப்பந்தம் பல நாடுகள் கூடிக் கையெழுத்திட்டது. வரம்புகளோ இரண்டிரண்டு நாடுகளாகப் பேசி முடிவானவை. இந்த அமைப்பின் உயிர்நாடி இதுவே. 1977இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம், முதலில் ஒவ்வொரு ஏற்றுமதி நாடும் தன்னோடு தனி ஒப்பந்தம் செய்துகொண்டால்தான் பொது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சம்மதிக்கும் என்றது. ஏற்றுமதி நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரஸ்ஸல்ஸ் போயின. ஹாங்காங்குக்கு அதுவரை விற்றதைவிடக் குறைவான அளவே கிடைத்தது. அதன் பிறகு புதுப்பிக்கப்பட்ட பொது ஒப்பந்தத்தில் ‘நியாயமான விலகல்கள்’ என்று ஒரு சொற்றொடர் நுழைந்தது; ஏற்கெனவே செய்து முடித்த விதிமீறலுக்குப் பெயர் சூட்டியதைத் தவிர அது வேறொன்றும் செய்யவில்லை. அன்று அந்த நாடுகள் கூடி நின்று மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. யாரும் நிற்கவில்லை. பக்கத்து நாட்டுக்குக் குறைந்தால் தனக்குக் கூடும் என்று ஒவ்வொருவரும் கணக்குப் போட்டார்கள்.

இந்தியா அந்த மேசையில் சும்மா இருக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பல்லிழை ஒப்பந்தத்தின் 12ஆவது பிரிவில், குடிசைத் தொழிலில் நெய்த கைத்தறித் துணிக்கும், அந்தத் துணியில் கையால் செய்த பொருள்களுக்கும், மரபான கைவினைத் துணிகளுக்கும், உரிய சான்றிதழ் இருந்தால் வரம்பு கிடையாது என்ற விலக்கு இடம்பெற்றது. மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி உலகெங்கும் போன அந்தக் காலத்தில் அது தறிக்காரர்களுக்குக் கிடைத்த உண்மையான பாதுகாப்பு. ஒரு பிரிவு, ஒரு சான்றிதழ், அவ்வளவுதான். ஆயினும் அது பொது ஒப்பந்தத்தில் எல்லோருக்குமான விதியாக எழுதப்பட்டது. எந்த அமைச்சரின் தயவையும் நம்பி இருக்கவில்லை.

கோட்டாவை வாங்கி வந்த பிறகு உள்ளூரில் பங்கு போடும் வேலை இருந்தது. ஆயத்த ஆடை ஏற்றுமதி வளர்ச்சிக் கழகம் அதைச் செய்தது. பெரும்பகுதி, முன்பு ஏற்றுமதி செய்தவர்களுக்கே போன ஆண்டுகளின் கணக்குப்படி கிடைத்தது. அந்த உரிமையை மற்றவருக்கு மாற்றியும் கொடுக்கலாம். விளைவு, கோட்டாவுக்கே ஒரு சந்தை உருவாயிற்று. புதிதாகத் தொழில் தொடங்கியவர் நூலுக்கும் சாயத்துக்கும் தையலுக்கும் செலவழித்ததோடு, பழைய ஏற்றுமதியாளரிடம் கோட்டாவுக்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு தையல்கூடப் போடாமல் காகிதத்தை விற்றுப் பணம் பார்க்க முடிந்தது. பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைத்தவருக்கு இந்தப் பணத்தில் ஒரு பைசா சேரவில்லை. அரசுகள் பேரம் பேசி உருவாக்கிய செயற்கையான பற்றாக்குறைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை யாருக்குப் போகிறது என்று எந்தப் பேச்சுவார்த்தையிலும் யாரும் கேட்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. கோட்டா இல்லாவிட்டால் வங்கதேசத்தின் ஆடைத் தொழில் அந்த வேகத்தில் பிறந்திருக்காது. கொரியாவின் டேவூ நிறுவனம், தன் நாட்டுக்கு இருந்த வரம்பைத் தாண்ட, வரம்பு இல்லாத நாடு ஒன்றைத் தேடியது. வங்கதேசத்தின் தேஷ் கார்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கைகோத்து, 1979இல் சுமார் 130 பேரைப் பூசானில் உள்ள தன் ஆலைக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தது. திரும்பி வந்தவர்களில் பலர் பின்னாளில் சொந்தக் கம்பெனிகள் தொடங்கினார்கள். 1985இல் அமெரிக்கா அந்த நாட்டுக்கும் வரம்பு போட்டுவிட்டது. அதற்குள் தொழில் வேர் பிடித்திருந்தது. இலங்கையில் 1977க்குப் பின் வந்த முதலீடுகளில் பல, ஹாங்காங்கிலிருந்து கோட்டா தேடி வந்தவை. 1992இல் பிரேமதாச அரசு ‘200 ஆடைத் தொழிற்சாலைகள்’ திட்டத்தை அறிவித்தபோது, கொழும்பை விட்டுத் தொலைவில் உள்ள ஊர்களில் ஆலை அமைப்பவர்களுக்குக் கோட்டாவையே ஊக்கமாகக் கொடுத்தது. கோட்டாவை நல்ல காரியத்துக்குத் திருப்பியதற்கு அது ஒரு சான்று. நேபாளத்துக்கும் மாலத்தீவுக்கும் இதே வழியில்தான் ஆடைத் தொழில் போனது. 2005இல் கோட்டா மறைந்ததும் மாலத்தீவின் ஆலைகள் மூடின. நேபாளத்தின் தொழில் சரிந்தது. கோட்டா கொடுத்த வேலையைக் கோட்டாவின் மறைவே எடுத்துக்கொண்டது.

கோட்டா ஒழிந்தது எப்படி? காட் அமைப்பின் உருகுவே சுற்றுப் பேச்சில் வளரும் நாடுகள் இதில் மட்டும் ஒன்றாக நின்றன. அறிவுசார் சொத்துரிமை, சேவைத் துறை என்று தங்களுக்குப் பிடிக்காத பலவற்றை ஏற்று, பதிலாக இதைப் பெற்றன. 1995இல் தொடங்கிப் பத்தாண்டில் நான்கு கட்டங்களாக, 16, 17, 18, கடைசியில் 49 விழுக்காடு என்று, எல்லாத் துணிகளும் பொது விதிக்குள் வர வேண்டும் என்று எழுதப்பட்டது. சிறு எழுத்துகளில் இங்கும் ஒரு வேலை நடந்தது. விழுக்காட்டைக் கணக்கிடும் பட்டியலில் பாராசூட், கார் சீட் பெல்ட், கைக்கடிகாரத்தின் துணிப் பட்டை, பொம்மைக்குப் போடும் சட்டை எல்லாம் சேர்ந்திருந்தன. முதல் கட்டத்தில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் விடுவித்த பொருள்களில், கோட்டாவின் கீழ் இருந்தது ஒன்றுகூட இல்லை. சொல்லுக்குச் சொல் விதியை மீறாமலே பத்தாண்டுகளைக் கடத்தினார்கள். ஆனாலும் ஒன்றை அவர்களால் மாற்ற முடியவில்லை. கடைசி நாள் எழுதப்பட்டிருந்தது. ஒப்பந்தத்தை நீட்டிக்கவே கூடாது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. நாற்பது ஆண்டுகளில் முதல் முறையாக ஒரு தேதி உண்மையான தேதியாக இருந்தது.

அதே பத்தாண்டில்தான் இந்தியா தனது இரண்டு முக்கியமான வெற்றிகளைப் பெற்றது. இந்தியக் கம்பளிச் சட்டைகளும் ரவிக்கைகளும் தன் தொழிலைப் பாதிக்கின்றன என்று 1995இல் அமெரிக்கா வரம்பு போட்டது. இந்தியா உலக வணிக அமைப்புக்குப் போனது. தீர்ப்பு நெருங்கும் நேரத்தில் அமெரிக்கா வரம்பை விலக்கிக்கொண்டது. நடுவர் குழு அதன் பிறகும் தீர்ப்பளித்தது, இந்தியாவின் பக்கம். 1997இல் மேல்முறையீட்டுக் குழு அந்த வழக்கில், ஒன்றைக் கூறுபவரே முதலில் அதை நிறுவ வேண்டும் என்ற கொள்கையை வகுத்தது. பின்னாளில் எத்தனையோ வழக்குகள் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டின. அடுத்தது துருக்கி. ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுங்க ஒன்றியம் அமைக்கிறோம் என்ற பெயரில் 1996இல் 19 வகை இந்தியத் துணிகளுக்கு அது வரம்பு போட்டது. 1999இல் அந்த வழக்கிலும் இந்தியா வென்றது. தனியே பேரம் பேசியபோது துண்டு துண்டாக வாங்கியவர்கள், விதியைக் கையில் எடுத்தபோது வல்லரசையே பின்வாங்க வைத்தார்கள்.

2005இல் எல்லாம் திறந்தபோது சீனத் துணிகள் வெள்ளமாகப் பாய்ந்தன. ஜூன் 10 அன்று ஷாங்காயில் ஐரோப்பிய ஆணையர் பீட்டர் மாண்டல்சனும் சீன அமைச்சர் போ ஷிலாயும் பத்து வகைகளுக்கு 2007 வரை மீண்டும் வரம்பு என்று கையெழுத்திட்டார்கள். அதற்குள் கடைக்காரர்கள் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். சில வாரங்களில் வரம்பு நிரம்பியது. ஏறத்தாழ எட்டுக் கோடி ஆடைகள் ஐரோப்பியத் துறைமுகங்களில் தேங்கின. செப்டம்பரில் பெய்ஜிங்கில் இன்னொரு பேச்சு. தேங்கிய சரக்கில் பாதியை அடுத்த ஆண்டுக் கணக்கில் கழித்துக்கொண்டு மொத்தத்தையும் உள்ளே விட்டார்கள். தென் ஐரோப்பாவின் ஆலைகளுக்காகச் செய்த ஏற்பாடு, வட ஐரோப்பாவின் கடைகளையும் அவற்றின் ஊழியர்களையும் பணயம் வைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்காவும் சீனாவோடு 2008 வரை வரம்பு போட்டது. இந்த வரம்புகள் இந்தியாவுக்கு நன்மையாக இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் இன்னொருவரின் கையைக் கட்டியதால் வந்த நன்மை எவ்வளவு நாள் நிற்கும் என்பதை 2025 காட்டிவிட்டது.

கோட்டாப் பேரத்தில் தொழிலாளியை மேசைக்குக் கொண்டுவந்த ஒப்பந்தம் ஒன்றே ஒன்றுதான் என் கண்ணில் படுகிறது. 1999இல் அமெரிக்காவும் கம்போடியாவும் செய்துகொண்டது அது. ஆலைகளில் தொழிலாளர் சட்டம் மதிக்கப்பட்டால் ஆண்டுதோறும் கூடுதல் கோட்டா. அதைச் சரிபார்க்கும் பொறுப்பு சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்கு. ஆய்வாளர்கள் ஆலைக்குள் போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார்கள். குறைகள் இருந்தன, ஆனால் கோட்டா முடிந்த பிறகும் அந்த ஆய்வு தொடர்ந்தது. பேரத்தில் கிடைக்கும் பலனைத் தைப்பவரின் சம்பளத்தோடும் பாதுகாப்போடும் கட்ட முடியும் என்பதற்கு அது போதிய சான்று. நம் நாட்டில் இதைப் பேசினாலே, மேற்கு நாடுகளின் மறைமுகத் தடை என்று தள்ளிவிடுகிறோம். வெளியார் சொல்ல வேண்டாம் என்றால் நாமே நம் ஒப்பந்தங்களில் எழுதிக்கொள்ளலாமே.

இனி, நம்மைப் பற்றிய கசப்பான செய்தி. 1998இல் இலங்கையோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்தபோது, இலங்கை ஆடைகளுக்கு நாம் என்ன வைத்தோம் தெரியுமா? ஆண்டுக்கு 80 லட்சம் உருப்படிகள் என்று கோட்டா. அதில் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும். அதுவும் குறிப்பிட்ட சில துறைமுகங்கள் வழியே மட்டும் வரலாம். பின்னால் தளர்த்தினோம் என்பது உண்மை. வங்கதேசத்துக்கும் இதேபோல உருப்படிக் கணக்கில் வரம்பு வைத்திருந்து 2011இல்தான் கதவைத் திறந்தோம். 2025 ஏப்ரலில் வங்கதேசம் இந்திய நூலைத் தரைவழியில் தடுத்தது; மே மாதம் நாம், அவர்களின் ஆயத்த ஆடைகள் கொல்கத்தா, நவ சேவா துறைமுகங்கள் வழியே மட்டுமே வரலாம் என்றோம். அவர்களின் தடையும் தவறு, நம் பதிலடியும் தவறு. வாஷிங்டனில் நாம் எதை அநியாயம் என்கிறோமோ அதையே வங்கதேச எல்லையில் செய்துகொண்டு இருக்கக் கூடாது. தமிழ்நாட்டு நூலாலைகளின் நூலை வாங்கித் தைப்பவர்கள் வங்கதேசத்திலும் இருக்கிறார்கள். அவர்களின் ஆலை மூடினால் நம் நூற்பாலையின் கதிரும் நிற்கும்.

இன்று நிலைமை கடினம். 1997இல் நமக்கு நீதி சொன்ன மேல்முறையீட்டுக் குழு, உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் 2019 டிசம்பர் முதல் செயலிழந்து கிடக்கிறது. அதைக் குறை சொல்லும் இந்தியாவே, கரும்பு மானிய வழக்கில் தோற்றதும் 2022இல் அந்த இல்லாத குழுவிடம் மேல்முறையீடு செய்து தீர்ப்பை முடக்கியது. அமெரிக்காவோடு நேருக்கு நேர் பேசுவதைத் தவிர இன்று வேறு வழியில்லை என்பார்கள். பேசத்தான் வேண்டும். எப்படிப் பேசுவது என்பதே கேள்வி.

இந்தியாவில் வணிக ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. வரைவை யாரும் பார்ப்பதில்லை. கையெழுத்தான பிறகே முழு உரை வெளிவருகிறது. ஜவுளி தொடர்பான பகுதிகளையாவது கையெழுத்துக்கு முன்பே நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் வைக்க வேண்டும். பெரிய ஏற்றுமதியாளர் சங்கங்களோடு நின்றுவிடாமல் தொழிற்சங்கங்களையும் ஜாப் ஒர்க் செய்யும் சிறு கூடங்களையும் அழைத்துக் கேட்க வேண்டும். எந்தச் சலுகைக்கும் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் எழுத்தில் இருக்க வேண்டும். ‘தற்காலிகம்’ என்ற சொல்லை ஏற்கவே கூடாது. ஐரோப்பிய ஒன்றியம், சீனா, ஜப்பான், பிரேசில், பாகிஸ்தான் உள்ளிட்ட நாடுகள் இடம்பெற்றுள்ள, 2020இல் தொடங்கிய மாற்று மேல்முறையீட்டு ஏற்பாட்டில் இந்தியா சேர வேண்டும். அதில் அமெரிக்கா இல்லை. ஆனால் நம் ஆடைகளை வாங்கும் ஐரோப்பா இருக்கிறது. டாக்காவோடும் கொழும்போடும் நம் கதவை நாமே முதலில் திறந்து வைத்தால், அடுத்த முறை மூன்று நாடுகளும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். மத்திய வணிக அமைச்சகம் இதற்கான முதல் அழைப்பை அனுப்பட்டும்.